பைதான் வெர்ஷன மாத்துனேன், டெர்மினலே திறக்க மாட்டேங்குது... ஒரே மெஷின்ல நாலஞ்சு வெர்ஷன் எப்படித்தான் வச்சிருக்கீங்க?

கமா_மறந்தவன்
எல்லாருக்கும் வணக்கம். உபுண்டு 22.04. ஆபீஸ்ல ரெண்டு ப்ராஜெக்ட தலைல கட்டிட்டாங்க, ஒண்ணு அரதப்பழசு, பைதான் 3.8 தாண்டுனா ஓடாது, இன்னொண்ணு புதுசு, 3.12 வேணும்னு ரீட்மீலயே போட்டிருக்கு. மெஷின்ல இருந்தது 3.10. டெட்ஸ்நேக்ஸ் பிபிஏ (மத்த பைதான் வெர்ஷன்கள் கிடைக்கிற வெளி சோர்ஸ்) சேர்த்து ரெண்டையும் இறக்குனேன், அதுவரைக்கும் ஒரு குறையும் இல்ல. அப்புறம் பைதான்3னு அடிச்சா 3.12 தான் வரணும்னு ஒரு ஆசை, ஒரு பேர்ல அடிச்சா எந்த வெர்ஷன் ஓடணும்னு மாத்துற அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கமாண்ட எங்கயோ பாத்து அப்படியே காப்பி பண்ணி அடிச்சேன். வெர்ஷன் கேட்டா 3.12னு காட்டுச்சு, சந்தோஷமா தூங்கப் போயிட்டேன்.

காலைல வந்து டெர்மினல் ஐகான க்ளிக் பண்ணா கர்சர் நாலு சுத்து சுத்துது, அவ்ளோதான். விண்டோவும் வரல எர்ரரும் வரல. ப்ரவுசர், ஃபைல் மேனேஜர் எல்லாம் நல்லா இருக்கு. பைதான்3-ய ரிமூவ் பண்ணிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணா சரியாயிடுமா?

சிம்லிங்க்_சித்தன்
ஐயோ ரிமூவ் மட்டும் பண்ணிடாதீங்க ப்ரோ!! கை வைக்காம அப்படியே இருங்க. உபுண்டுல பாதி டெஸ்க்டாப் சிஸ்டம் பைதான நம்பித்தான் நிக்குது, நீங்க அத எடுக்கச் சொன்னா ஏபிடி (உபுண்டுல சாஃப்ட்வேர் போடற, எடுக்கற கமாண்ட்) அதோட சேத்து எதெது போகும்னு ஒரு நீள லிஸ்ட் காட்டும், அவசரத்துல யாரும் அத படிக்கிறதில்ல, ஒய் அடிச்சிடுவோம், அடுத்த ரீஸ்டார்ட்ல கருப்பு ஸ்க்ரீன்ல லாகின் மட்டும்தான் இருக்கும். நான் பண்ணிருக்கேன், அதான் சொல்றேன்.

விஎஸ்கோடு எடிட்டர் இருக்கா? அதுக்குள்ள இருக்கிற டெர்மினல் திறக்கும். இல்லன்னா கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்துனா எழுத்து மட்டும் இருக்கிற ஸ்க்ரீன் வரும். அங்க போய் சூடோ (அட்மினா ஓட்டறது) போட்டு ஏபிடி அப்டேட் அடிச்சு கடைசில என்ன எர்ரர் வருதுன்னு இங்க போடுங்க.

கமா_மறந்தவன்
விஎஸ்கோடு டெர்மினல் திறந்துச்சு, உசுரு வந்துச்சு அண்ணா. அப்டேட் எல்லாம் ஓடி முடிச்சு கடைசில "மாட்யூல் நாட் ஃபவுண்ட், ஏபிடி_பிகேஜி"ன்னு ஒரு ட்ரேஸ்பேக். நான் அப்படி ஒரு மாட்யூலயே கேள்விப்பட்டதில்லயே?

சிம்லிங்க்_சித்தன்
அதேதான், நினைச்சேன். உங்க கமாண்ட் என்ன பண்ணுச்சுன்னா, யுஎஸ்ஆர் பின் ஃபோல்டர்ல பைதான்3னு இருக்கிறது வெறும் சிம்லிங்க் (வேற ஃபைல காட்டற குறுக்குவழி), அது 3.10-ஐ காட்டிக்கிட்டு இருந்துச்சு, இப்ப 3.12-ஐ காட்டுது. அந்த லிங்க உங்களுக்காக வச்சிருக்காங்கன்னு நீங்க நினைச்சீங்க, ஆனா அத தினமும் கூப்பிடறது சிஸ்டம். உங்க உபுண்டுல டெர்மினல ஸ்டார்ட் பண்றதே ஒரு சின்ன பைதான் ஸ்க்ரிப்ட்தான், அந்த ஃபைல திறந்து முதல் வரிய பாருங்க, யுஎஸ்ஆர் பின் பைதான்3ன்னு நேரா எழுதியிருக்கும். அது ஜிஐ-ன்னு ஒரு லைப்ரரிய இழுக்கும், அதுல சி-ல கம்பைல் பண்ண துண்டு ஒண்ணு இருக்கு, அந்த ஃபைல் பேர்லயே சிபைதான்-310ன்னு ஒட்டியிருக்கும். 3.12 வந்து தேடுனா அதுக்கு அந்த ஃபைல் கண்ணுக்கே தெரியாது. ஏபிடி_பிகேஜியும் இதே கதை.

சரி பண்றது ரெண்டு நிமிஷம். அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்ல பைதான்3-க்கு போட்டத ரிமூவ்-ஆல் குடுத்து எடுங்க. அது லிங்கையும் சேத்து எடுத்துடும், பயப்படாதீங்க, உடனே எல்என் கமாண்ட்ல எஸ்எஃப் போட்டு பைதான்3 லிங்க பைதான்3.10-க்கு திரும்ப கட்டுங்க. டெர்மினல் ஐகான க்ளிக் பண்ணிப் பாருங்க.

கமா_மறந்தவன்
திறந்துருச்சு!!! நன்றி அண்ணா. அந்த ஃபைலையும் திறந்து பாத்தேன், நிஜமாவே பைதான் ஸ்க்ரிப்ட்தான், நான் இத்தன வருஷமா டெர்மினல்னா ஏதோ சி-ல எழுதுன பெரிய விஷயம்னு நினைச்சுட்டு இருந்தேன்.

சரி இப்ப அசல் கேள்வி. 3.8ம் வேணும், 3.12ம் வேணும், ஃப்ரன்ட்எண்டுக்கு நோட் (ப்ரவுசருக்கு வெளில ஜாவாஸ்க்ரிப்ட் ஓட்டறது) பழசு ஒண்ணு புதுசு ஒண்ணு. நீங்கல்லாம் என்னதான் பண்றீங்க?

ராத்திரி_டிப்ளாய்
டாக்கர். எல்லாத்தையும் கன்டெய்னர்ல (தனித்தனியா மூடுன பெட்டி மாதிரி) போட்டு மூடுங்க, மெஷின்ல எதையும் இன்ஸ்டால் பண்ணாதீங்க. பேச்சு முடிஞ்சுது.

இரவுப்பறவை
எங்க முடிஞ்சுது 😄 பத்து வரி ஸ்க்ரிப்ட் ஒண்ணு டெஸ்ட் பண்ண கன்டெய்னர் எழுப்பி, வால்யூம் மவுண்ட் பண்ணி, உள்ள ரூட்டா எழுதுன ஃபைல வெளில வந்து டிலீட் பண்ண முடியாம சூடோ போட்டு, எடிட்டருக்கு இன்டர்ப்ரெட்டர் எங்க இருக்குன்னு காட்ட தனியா ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டு... சர்வருக்குப் போற கோடுக்கு டாக்கர் ஓகே, நான் மறுக்கல. கைல வச்சு விளையாடற கோடுக்கு வெர்ஷன் மேனேஜர்தான்.

நான் அஞ்சு வருஷமா பைஎன்வி. ஹோம் ஃபோல்டருக்குள்ள தனியா ஒரு இடம் வச்சுக்கிட்டு எத்தன வெர்ஷன் வேணா அடுக்கும், சிஸ்டம் பைதான தொடவே தொடாது, சூடோவே தேவைப்படாது. ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல போய் பைஎன்வி லோக்கல் 3.8னு அடிச்சா .பைதான்-வெர்ஷன்னு ஒரு குட்டி ஃபைல் உண்டாகும், உள்ள ஒரே ஒரு வரி. அந்த ஃபோல்டருக்குள்ள நின்னு பைதான்னு அடிச்சா 3.8, வெளில வந்தா க்ளோபல்ல என்ன வச்சீங்களோ அது. அந்த ஃபைல கிட்லயும் போட்டா டீம்ல எல்லாருக்கும் அதே.

செமிகோலன்_ராணி
கமா_மறந்தவன், முதல்ல ஒரு கமாண்ட் கத்துக்கங்க, மத்ததெல்லாம் அப்புறம். டைப் ஸ்பேஸ் மைனஸ் ஏ ஸ்பேஸ் பைதான்3. உங்க பாத்ல (கமாண்ட தேட ஷெல் வரிசையா பாக்கிற ஃபோல்டர் லிஸ்ட்) அந்தப் பேர்ல எங்கெங்க என்னென்ன இருக்குன்னு வரிசையா காட்டும், முதல்ல வர்றதுதான் ஓடும். இந்த மேனேஜர் எல்லாமே பண்றது ஒரே வேலைதான், பாத்தோட முன்னாடி போய் உக்காந்துக்கிறது.

பைஎன்வி, ஏஎஸ்டிஎஃப் (பல மொழிக்கும் ஒரே மேனேஜர்) ரெண்டும் ஷிம் வைக்கும். அதாவது பைதான்ங்கிற பேர்ல ஒரு டம்மி ஸ்க்ரிப்ட், நீங்க கூப்பிட்டா அது இந்த ஃபோல்டர்ல வெர்ஷன் ஃபைல் இருக்கா, மேல் ஃபோல்டர்ல இருக்கா, இல்லன்னா க்ளோபல் என்னன்னு பாத்துட்டு நிஜமான பைதானுக்கு தள்ளி விடும். மீஸும் அப்படி ஒரு மேனேஜர்தான், ஆனா வேற மாதிரி, நீங்க ஃபோல்டர் மாறுன உடனே பாத்தையே மாத்தி எழுதிடும், நடுவுல ஆள் கிடையாது. நோட்டுக்கு இருக்கிற என்விஎம் இன்னும் வேற, அது ஒரு ப்ரோக்ராமே இல்ல, ஷெல் ஃபங்ஷன். அதனாலதான் சூடோ என்விஎம்னு அடிச்சா கமாண்ட் இல்லங்குது, விச் என்விஎம்னு தேடுனா ஒண்ணும் வராது, இன்ஸ்டால் ஆகலயோன்னு நினைச்சு மூணு தடவ இன்ஸ்டால் பண்ணவங்கள எனக்குத் தெரியும் (நான்தான்).

யூவி_பைத்தியம்
2024ல யூவின்னு புது பைதான் மேனேஜர் வந்ததுக்கு அப்புறமும் பைஎன்வி பத்தி பேசிட்டு இருக்கீங்களே நண்பர்களே. பைஎன்வி ஒவ்வொரு வெர்ஷனையும் சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணும், ஃபேன் கத்தும், நீங்க டீ குடிச்சிட்டு வரலாம். யூவி ஏற்கனவே கம்பைல் பண்ணி வச்சத இறக்கும், சில செகண்ட். யூவி வென்வ், பைதான் 3.8னு சொன்னா 3.8 இல்லன்னா அதுவே இறக்கி வென்வ்வும் (ஒரு ப்ராஜெக்ட்டுக்கான தனி பைதான் என்வயரான்மென்ட்) கட்டிக் குடுத்துடும். பேக்கேஜ் இறக்கற பிப் வேலையும் அதுவே பாக்குது.

இரவுப்பறவை
வேகம்ங்கிறது சரி, ஒத்துக்கறேன். ஆனா என்கிட்ட வேலை செய்யறத ஏன் மாத்தணும். அதோட நோட், ரூபிக்கு யூவி உதவாதே.

ஜாவா_தாத்தா
பைதான் பசங்க சண்டைய ஓரமா நின்னு ரசிக்கிறேன். எங்க பக்கம் 8, 11, 17, 21னு எல்டிஎஸ் (நீண்ட நாள் சப்போர்ட் இருக்கிற வெர்ஷன்) வரிசையா இருக்கு, 8 வந்தது 2014ல, இன்னும் சாக மாட்டேங்குது. ஒரு ப்ராஜெக்ட்ல நாலு மணி நேரம் போச்சு எனக்கு. ஜாவா வெர்ஷன் கேட்டா 17, ஜாவாசி (கம்பைலர்) கேட்டா 17, மேவன்ங்கிற பில்டு டூல்ல பில்டு பண்ணா "கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 61, நான் 55 வரைக்கும்தான் படிப்பேன்"னு ஒரே பிடிவாதம். ஏன்னா அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் ஜாவா, ஜாவாசி லிங்குகள மட்டும்தான் மாத்துச்சு, மேவன் பாக்கிறது ஜாவா_ஹோம்ங்கிற செட்டிங், அது ப்ரொஃபைல்ல எப்பவோ நான் எழுதுன 11. மேவன் வெர்ஷன் கேட்டிருந்தா எந்த ஜாவாவ பிடிச்சிருக்குன்னு மூணாவது வரியிலயே காட்டியிருக்கும், நான் கேக்கல.

அந்த நம்பர் புரியாதவங்களுக்கு ஒரு கணக்கு, 44-ஐ கழிங்க. 61ல 44 போனா 17. 55னா 11, 52னா 8, 65னா 21. எர்ரர பாத்த உடனே யார் எந்த ஜாவால கம்பைல் பண்ணாங்கன்னு சொல்லிடலாம். இப்ப எஸ்டிகேமேன்னு ஒரு ஜாவா வெர்ஷன் மேனேஜர் வச்சிருக்கேன், அது ஜாவா_ஹோமையும் சேத்து மாத்துது, நிம்மதி.

செமிகோலன்_ராணி
44 கழிக்கிறது எனக்குத் தெரியவே தெரியாது தாத்தா, ஒவ்வொரு தடவையும் கூகுள்ல தேடுவேன் 🙏

கமா_மறந்தவன்
மறுநாள் ரிப்போர்ட். இரவுப்பறவை சொன்னாருன்னு பைஎன்வி போட்டேன், 3.8 கம்பைல் ஆச்சு, ஓடுது. ஆனா ரெண்டு கோளாறு. ஒண்ணு, பைதான் ப்ராம்ப்ட்ல மேல் ஆரோ அழுத்துனா பழைய வரி வராம தொப்பி குறி, ரெண்டு ஸ்கொயர் ப்ராக்கெட், ஒரு ஏ இப்படி ஏதோ கிறுக்குது. ரெண்டு, ப்ராஜெக்ட ஓட்டுனா _எஸ்க்யூலைட்3 மாட்யூல் இல்லயாம். எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் மாட்யூல் பைதானோடயே வர்றதுதான?

இரவுப்பறவை
தப்பு என்மேல, சொல்ல மறந்துட்டேன். பைதான கம்பைல் பண்றப்ப ரீட்லைன், எஸ்க்யூலைட், பிஇசட்2, எல்இசட்எம்ஏ இதோட டெவ் பேக்கேஜ் (கம்பைல் பண்ண வேண்டிய ஃபைல்கள்) மெஷின்ல இல்லன்னா அந்தந்த மாட்யூல விட்டுட்டு மிச்சத்த கட்டிடும். நிக்காது, ஒரு வார்னிங் போட்டுட்டு போய்க்கிட்டே இருக்கும், அது மேல ஸ்க்ரோல் ஆகி மறைஞ்சிருக்கும். ஆரோ கீ கிறுக்கறது ரீட்லைன் இல்லாததால. ஓப்பன்எஸ்எஸ்எல் (என்க்ரிப்ஷன் லைப்ரரி), இசட்லிப் மாதிரி கட்டாயம் வேண்டியது இல்லன்னாதான் பைஎன்வி ஒரேயடியா நின்னு எர்ரர் அடிக்கும்.

பைஎன்வி விக்கில உபுண்டுக்குன்னு ஒரு நீள ஏபிடி வரி இருக்கு, அத முழுசா காப்பி பண்ணி போடுங்க. போட்டுட்டு 3.8-ஐ மறுபடி கம்பைல் பண்ணணும், லைப்ரரி வந்ததால ஏற்கனவே கட்டுனது தானா சரியாகாது.

யூவி_பைத்தியம்
நான் ஒண்ணும் சொல்லல. 🙂

இரவுப்பறவை
தெரியும் தெரியும், நீங்க சொல்லாமலே கேக்குது.

நீலத்திரை
விண்டோஸ்காரன் நடுவுல வரலாமா. எனக்கு பைதான்னு அடிச்சா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்குது, இன்ஸ்டால் பண்ணியும்.

செமிகோலன்_ராணி
வாங்க வாங்க. செட்டிங்ஸ்ல ஆப் எக்ஸிக்யூஷன் அலியாஸஸ்னு தேடுங்க, அங்க பைதான், பைதான்3 ரெண்டுக்கும் ஸ்விட்ச் இருக்கும், ஆஃப் பண்ணுங்க. அப்புறம் பைதான்னு அடிக்கிற பழக்கத்தையே விடுங்க, விண்டோஸ்ல பைனு ரெண்டெழுத்து லாஞ்சர் இருக்கு. பை மைனஸ் 3.8னா 3.8, பை மைனஸ் 3.12னா 3.12. பை மைனஸ் 0பி போட்டா என்னென்ன இருக்குன்னு பாத்தோட லிஸ்ட் காட்டும். இது மாதிரி ஒண்ணு லினக்ஸ்ல சேத்தே வந்திருந்தா இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

ராத்திரி_டிப்ளாய்
சரி நோட் பத்தி யாரும் பேசலயே. பழைய ஃப்ரன்ட்எண்ட்னு சொன்னாரு, ஃப்ரன்ட்எண்ட் கோட பில்டு பண்ற வெப்பேக் பழைய 4ஆ இருந்தா நோட் 17-க்கோ அதுக்கு மேலயோ போன உடனே "ஓஎஸ்எஸ்எல் ஈவிபி அன்சப்போர்ட்டட்"னு விழும். நோட் 17ல ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறுனாங்க, வெப்பேக் 4 ஹாஷ் போடறதுக்கு எம்டி4ங்கிற முறைய கேக்கும், புது ஓப்பன்எஸ்எஸ்எல்ல அது பழசுன்னு ஒதுக்கி வச்சிட்டாங்க. நெட்ல தேடுனா லெகஸி-ப்ரொவைடர் ஃப்ளாக் போடுன்னு சொல்லுவாங்க, ஓடும்தான், ஆனா அந்த ஃப்ளாக ஒருத்தன் பாஷ்ஆர்சில (டெர்மினல் திறக்கறப்ப ஓடற செட்டிங் ஃபைல்) போட்டு மறந்துட்டு, பழைய நோட் 16-க்கு மாறுன உடனே அந்த ஃப்ளாக் அதுக்குப் புரியாம நோடே ஸ்டார்ட் ஆகாம அரை நாள் முழிச்சான். அந்த ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் நோட் 16 வச்சுக்கிட்டு ஃப்ளாக தொடாம விடறது மேல்.

கமா_மறந்தவன்
அண்ணா நீங்க டாக்கர் மட்டும்னு சொன்னீங்களே, என்விஎம் விஷயமெல்லாம் எப்படித் தெரியும்? 😅

ராத்திரி_டிப்ளாய்
டாக்கருக்கு ஏன் வந்தேன்னு நினைக்கிறீங்க. அந்த "ஒருத்தன்" நான்தான்.

செமிகோலன்_ராணி
என்விஎம்ல இன்னொண்ணு. -ஜி (க்ளோபல்) போட்டு இன்ஸ்டால் பண்ணது அந்தந்த நோட் வெர்ஷனுக்குள்ளதான் இருக்கும். 18ல டைப்ஸ்க்ரிப்ட் போட்டுட்டு 20-க்கு மாறுனா அதோட கமாண்ட் டிஎஸ்சி காணோம்பீங்க. புது வெர்ஷன் இறக்கறப்பவே ரீஇன்ஸ்டால்-பேக்கேஜஸ்-ஃப்ரம் 18னு சேத்துக் குடுங்க. அப்புறம் வெர்ஷன் எழுதி வைக்கிற .என்விஎம்ஆர்சி ஃபைல் ஃபோல்டர்ல இருந்தா மட்டும் தானா மாறாது, உள்ள போய் என்விஎம் யூஸ்னு ஒரு தடவ அடிக்கணும், இல்ல ஷெல்லுக்கு ஹூக் எழுதணும். எஃப்என்எம்ங்கிற இன்னொரு நோட் மேனேஜர்னா அந்த வசதி சேத்தே வருது, ரஸ்ட்ல எழுதுனது, டெர்மினல் திறக்கறப்ப என்விஎம் தர்ற அந்த இழுவையும் இல்ல.

கமா_மறந்தவன்
நாலாவது நாள், புது பேய். பழைய ப்ராஜெக்ட்ல ராத்திரி ஓடற ஒரு ஸ்க்ரிப்ட் இருக்கு, க்ரான்ல (நேரம் வச்சா தானா ஓட்டறது) போட்டேன். கையால ஓட்டுனா அருமையா ஓடுது. க்ரான்ல மட்டும் ரிக்வெஸ்ட்ஸ் மாட்யூல் இல்லங்குது. ஃபோல்டர்ல .பைதான்-வெர்ஷன் ஃபைல் இருக்கு, வென்வ்வும் இருக்கு, பாஷ்ஆர்சில பைஎன்வி வரிகளும் இருக்கு.

சிம்லிங்க்_சித்தன்
க்ரானுக்கு உங்க பாஷ்ஆர்சி இருக்கிறதே தெரியாது. அதோட பாத்ல இருக்கிறது யுஎஸ்ஆர் பின், பின், ரெண்டே ரெண்டு, அப்ப பைதான்3னா சிஸ்டத்தோட 3.10, அதுல உங்க ரிக்வெஸ்ட்ஸ் எப்படி இருக்கும். க்ரான் வரில பாஷ்ஆர்சிய சோர்ஸ் பண்ணா போதுமேன்னு அடுத்து கேப்பீங்க, அதுவும் நடக்காது, உபுண்டு தர்ற பாஷ்ஆர்சியோட ஆரம்பத்துலயே "ஆள் உக்காந்து டைப் பண்ற ஷெல் இல்லன்னா இங்கயே திரும்பிப் போ"ன்னு ஒரு செக் இருக்கு, நீங்க பைஎன்வி வரிகள கடைசில போட்டிருப்பீங்க, அதுவரைக்கும் அது போகவே போகாது.

வழி சுலபம். வென்வ் ஃபோல்டருக்குள்ள பின்னுக்குள்ள ஒரு பைதான் இருக்கும், அதோட முழு பாத்த க்ரான் வரில எழுதுங்க. ஆக்டிவேட்டே தேவையில்ல. ஆக்டிவேட்ங்கிறது அந்த பின் ஃபோல்டர பாத்ல முன்னாடி போடறதுதான், முழு பாத் குடுத்தா அது எதுக்கு.

கமா_மறந்தவன்
ஓடிருச்சு. ஆக்டிவேட் பண்ணாம வென்வ் வேலையே செய்யாதுன்னு இத்தன நாள் நினைச்சிருந்தேன்.

இரவுப்பறவை
பாதிப் பேரு அப்படித்தான் நினைக்கிறாங்க. ஒரு எச்சரிக்கையும் சேத்து எழுதி வச்சுக்கங்க. வென்வ்வுக்குள்ள முழு பைதான் இருக்காது, அது எந்த பைதான வச்சு கட்டுனீங்களோ அதுக்கு ஒரு சிம்லிங்க். உள்ள பைவென்வ்.சிஎஃப்ஜினு ஒரு ஃபைல், அதுல ஹோம்னு ஒரு வரி, அந்த மூல பைதான் எங்கன்னு சொல்லும். இடம் பத்தலன்னு நான் ஒரு நாள் பைஎன்வில பழைய வெர்ஷன்கள அன்இன்ஸ்டால் பண்ணேன், ஏழு ப்ராஜெக்ட்டோட வென்வ் ஒரே அடில செத்துச்சு. வென்வ் ஃபோல்டர வேற இடத்துக்கு நகர்த்துனாலும் பிப் ஒழுங்கா ஓடாது, ஏன்னா அதோட முதல் வரில பழைய பாத் எழுதியிருக்கு. அதனால வென்வ்வ எப்ப வேணா அழிச்சு திரும்ப கட்டற மாதிரி ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல ஒழுங்கா வச்சுக்கங்க.

ஆப்பிள்_தோல்
மேக்ல இருந்து ஒரு வரி. ப்ரூல (மேக்ல பேக்கேஜ் போடற டூல்) வெர்ஷன் நம்பர் இல்லாம நோட்னு மட்டும் போட்டு வச்சிருந்தேன், வேற எதுக்கோ ப்ரூ அப்கிரேட் அடிச்சேன், அதையும் சேத்து அடுத்த மேஜர் வெர்ஷனுக்கு தூக்கிட்டு போயிடுச்சு, காலைல டெமோ. ப்ரூ அதுபாட்டுக்கு ஏத்திக்கிட்டே இருக்கும், ஒரு வெர்ஷன்ல நிக்கணும்னா அதுகிட்ட குடுக்கக் கூடாது. இப்ப பைதான், நோட், ஜாவா மூணுக்கும் மீஸ், ஒரே டாமல் செட்டிங் ஃபைல்ல மூணு வரி.

நீலத்திரை
டெபியன்ல பிப் இன்ஸ்டால் பண்ணா "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்வயரான்மென்ட்"னு திட்டுதே, அதுக்கு ப்ரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்னு ஒரு ஃப்ளாக் இருக்காமே, போடலாமா?

சிம்லிங்க்_சித்தன்
ஃப்ளாக் பேர இன்னொரு தடவ மெதுவா படிங்க ப்ரோ 😂 டெபியன் 12ல இருந்து அந்தக் கதவ பூட்டிட்டாங்க, உபுண்டுல 23.04ல இருந்து. இந்த இழைய ஆரம்பிச்சவருக்கு நடந்த மாதிரி நடக்கக் கூடாதுன்னுதான். கமாண்டா ஓட்டற டூல்னா பிப்எக்ஸ், லைப்ரரின்னா வென்வ்.

கமா_மறந்தவன்
ஆக இப்ப என் மெஷின்ல: சிஸ்டம் 3.10-ஐ யாரும் தொடறதில்ல, டெட்ஸ்நேக்ஸ்ல போட்டத எடுத்துட்டேன், பழசுக்கு பைஎன்வி 3.8, புதுசுக்கு யூவில 3.12 (ரெண்டு பேருக்கும் கோவம் வரக் கூடாதுல்ல), நோட்டுக்கு எஃப்என்எம். டைப் மைனஸ் ஏ இப்ப கை தானா அடிக்குது.

டீம் லீட் கிட்ட 3.8-க்கு சப்போர்ட் 2024 அக்டோபர்லயே முடிஞ்சுது, இத ஏத்திடலாமான்னு கேட்டேன். "ஏத்தலாம், அடுத்த ரிலீஸ்க்கு அப்புறம் பாக்கலாம்"னாரு. கிட்ல தேடிப் பாத்தேன், 2.7-ல இருந்து 3.8-க்கு ஏத்துன கமிட்டும் அவருடையதுதான், அதுக்கு முந்தின கமிட்ல "அடுத்த ரிலீஸ்ல பாக்கலாம்"னு ஒரு கமென்ட் இருக்கு.

ஜாவா_தாத்தா
தம்பி, அந்த 3.8 ஃபோல்டர அழிச்சிடாதீங்க.